பூண்டு வாசமும் ஊர் வாயும்

(ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில், 'உணவுக் கடையை நிலைநிறுத்துவது கடைக்காரரின் கைப்பக்குவமே! வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லே!' என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'வாய்ச்சொல்லே' என்ற அணியில் பேசியது)

எனக்கு முன்னால் பேசி, என் வேலையில் பாதியைச் சுலபமாக்கிவிட்டுப் போன எதிரணித் தோழி அவர்களே!

அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. "கரி, கறி, கை - இந்த மூணும் சரியா இருந்தா எந்தக் கடையும் நிக்கும். சாப்பிட்டவன் சொல்றதுல என்னங்க இருக்கு? வாய் இருக்கிறவன் எல்லாம் பேசத்தான் செய்வான்" அப்படின்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா அம்மா, நேத்து அந்தக் கடைக்குள்ளே காலெடுத்து வைக்கிறதுக்கு முன்னால, வாசல்ல வரிசையில நின்ன ஒரு புண்ணியவானைப் பார்த்து, "இங்க எது நல்லா இருக்கும்?" அப்படின்னு முதல்ல கேட்டது யாரு? நீங்கதானே? (சிரிப்பு. கைதட்டல்) கைப்பக்குவத்தை நம்பிப் போனவங்க நேரா அடுப்புக்கிட்டல்ல போயிருக்கணும்? வாயைக் கேட்டுட்டுத்தானே வயித்துக்குப் போட்டீங்க!

வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தத் தலைப்பு முளைத்தது ஒரு கிரேக்கக் கடையில். நம்மை அழைத்த அன்பர்கள் பேச்சாளர்கள் 6 பேரையும் நடுவரையும் நேற்று இரவு அங்கே கூட்டிப் போனார்கள். யீரோஸ் கடை. மேசை விரிப்பு கிடையாது, பீங்கான் தட்டு கிடையாது. வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே நீளமாக ஒரு மேடை, அதற்குப் பின்னால் ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஆட்டிறைச்சியை அடுக்கடுக்காகக் குத்தி, கூம்பு மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் இரும்புக் கூட்டில் கரி கனன்று கொண்டிருக்கிறது. கம்பி சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெந்து சிவந்த மேல்புறத்தை நீளக் கத்தியால் சீவி எடுக்கிறார் கடைக்காரர். ரொட்டியைக் கரியில் வாட்டி, அதற்குள்ளே சீவிய கறி, தக்காளி, வெங்காயம், அப்புறம் தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்த ஒரு பச்சடி. அதற்குப் பெயர் ட்ஸாட்ஸிகி. (சிரிப்பு) அதைத் திருத்தமாக உச்சரிக்கவே ஒரு முனைவர் பட்டம் வேண்டும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து கையில் தருகிறார். 16 டாலர். நம் நடுவர் சைவம். அவருக்குக் கறிக்குப் பதிலாகப் பொரித்த உருளைக்கிழங்கை வைத்துக் கொடுத்தார்கள். அவரும் முகம் கோணாமல் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதே, "நாளைக்குத் தலைப்பு கிடைச்சிருச்சு" என்றார்.

சரி, வாதத்துக்கு வருகிறேன். நான் தமிழ் வாத்தியார். எங்கே போனாலும் முதலில் பெயர்ப் பலகையைத்தான் பார்ப்பேன். ஆங்கில எழுத்தில் இந்தப் பண்டத்தின் பெயரை எழுதும்போது உலகத்தில் பல இடங்களில் 'ஜி' என்ற எழுத்தில்தான் தொடங்குகிறார்கள். கிரேக்கத்தில் அது காமா என்கிற எழுத்து. ஆனால் 'இ' என்ற ஒலிக்கு முன்னால் வரும்போது அந்தக் காமா 'ய' மாதிரி ஒலிக்கும். இது தெரியாத ஆங்கிலேயன் என்ன செய்வான்? 'ஜைரோஸ்' என்பான். இந்த அடிலெய்டில் பாருங்கள், கடைப் பலகைகளில் 'ஒய்' போட்டு, 'யீரோஸ்' என்று காதில் விழுகிறபடியே எழுதி வைத்திருக்கிறார்கள். கிரேக்கனுக்கு அந்த உதவி வேண்டியதில்லை. வாங்க வருகிறவன் வாய்க்குள் நுழைய வேண்டும் என்பதற்காகப் பலகையையே மாற்றி எழுதினார்கள். நம்முடைய சிறப்பு ழகரத்தை வெளிநாட்டுக்காரர் வாயில் நுழைக்க நாம் படுகிற பாடு நமக்குத் தெரியாதா?

இதே பண்டம் மெல்பர்னுக்குப் போனால் 'சுவ்லாகி'. கிரேக்கத்தில் சுவ்லாகி என்றால் சின்னக் கம்பியில் குத்திச் சுட்ட கறித்துண்டு. ஆனால் மெல்பர்ன்காரர் ரொட்டியில் சுருட்டித் தருகிற எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்லுவார். சிட்னிக்குப் போனால் 'கபாப்' என்று கேட்கிறார்கள். செய்கிற கை எல்லா ஊரிலும் ஒன்றுதான். பெயர் வைத்தது தின்கிற வாய்.

பெயர் மட்டுமா? பண்டமே அப்படித்தான் உருவாகி வந்தது. எதிரணி நண்பர்கள் 'தொன்மையான கிரேக்கக் கைப்பக்குவம்' என்றார்கள். ஐயா, நின்றபடி சுழலும் கம்பியில் கறி சுடுகிற வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் துருக்கியில் பரவியது. பூர்சா என்கிற ஊரைத்தான் அதற்குச் சொல்வார்கள். அங்கே அதற்கு 'டோனர்' என்று பெயர். சுழல்வது என்று பொருள். முதல் உலகப் போருக்குப் பிறகு துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் சண்டை நடந்தது. 1923இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, மதத்தைப் பார்த்து மக்களையே மாற்றிக் கொண்டார்கள். ஏறத்தாழ 12 லட்சம் பேர் வீடு வாசலை விட்டுக் கிரேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போனவர்கள் கையோடு கொண்டு போனவற்றில் அடுப்பு வித்தையும் ஒன்று. கிரேக்கத்திலும் ரொம்ப நாள் அதை டோனர் என்றுதான் சொன்னார்கள். 1970களில், துருக்கிச் சொல் நமக்கெதற்கு என்ற எண்ணம் வலுத்தபோது, அதே பொருளில் சொந்தச் சொல் வந்தது. சுழற்சி என்பதற்குக் கிரேக்கத்தில் 'யீரோஸ்'.

கிரேக்க நாட்டுக்குப் போனால் இந்தக் கம்பியில் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான் சுற்றும். ஆஸ்திரேலியாவுக்கு வந்ததும் ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் சுற்றுகின்றன. லெபனான்காரர்கள் இதே வித்தையை மெக்சிகோவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அது சோள ரொட்டியில் அன்னாசித் துண்டோடு வருகிறது. கத்தி பிடிக்கிற கை கடைக்காரர் கை. ஒப்புக்கொள்கிறேன். கம்பியில் எதைக் குத்த வேண்டும் என்று சொன்னது எதிரே நிற்கிறவன் நாக்கு அல்லவா?

உங்கள் அடிலெய்டிலேயே ஓர் அதிசயம் வைத்திருக்கிறீர்கள். பொரித்த உருளைக்கிழங்கை மலை மாதிரி குவித்து, மேலே யீரோஸ் கறியைப் பரப்பி, பூண்டு சாஸ், மிளகாய் சாஸ், பார்பிக்யூ சாஸ் மூன்றையும் ஊற்றித் தருகிறார்கள். அதற்கு 'ஏ.பி.' என்று பெயர். அது எதன் சுருக்கம் என்று ஊருக்குள் பல கதை உண்டாம். குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி, நான் சொல்ல மாட்டேன். (பலத்த சிரிப்பு) அதை முதலில் செய்தது நாங்கள்தான் என்று இரண்டு கடைகள் உரிமை கொண்டாடுகின்றனவாம். ஏதென்ஸ் நகரத்தில் போய் ஏ.பி. கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். அது இந்த ஊர் நாக்கு பெற்ற பிள்ளை.

இனி, எதிரணி அம்மா சொன்ன முக்கியமான ஒரு குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "வாடிக்கையாளர் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எதைக் கேட்கிறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நேற்று நான் அங்கே சாப்பிட்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒருத்தர் சொல்றார்: "போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு வந்தேன், கறி காஞ்சு வறட்டியாட்டம் இருந்துச்சு." பக்கத்துல இருக்கிறவர், "அட போய்யா! நான் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தேன், கறி சொதசொதன்னு இருந்துச்சு, மொறுமொறுப்பே இல்லே." ஒரு பொண்ணு, "பூண்டு தூக்கலா இருக்கு." அது பக்கத்துல நின்ன பையன், "எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி பூண்டு போடுங்க." ரெண்டு பேரும் கணவன் மனைவி! (சிரிப்பு) அவங்களை யீரோஸ் கடைக்காரரா சேர்த்து வைக்க முடியும்?

நான் கடைக்காரரிடம் கேட்டேன். "ஒருவர் காய்ந்தது என்கிறார், ஒருவர் ஈரம் என்கிறார். இதில் யார் சொல்வது பொய்?" அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "ரெண்டும் நிஜம்தான்." மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. கம்பியோ சுற்றிக்கொண்டே இருக்கும். சீவ ஆளில்லாமல் கறி நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தால் காயத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை ராத்திரி வரிசை தெருவுக்கு வந்துவிடும். மேல்புறம் சிவந்து மொறுமொறுப்பாக ஆவதற்குள் சீவ வேண்டியிருக்கும். அடுத்த படலத்துக்கு நெருப்பு பட நேரமே கிடையாது. காஸ் அடுப்பாக இருந்தால் திருகைத் திருகலாம். கரியை அப்படித் திருக முடியாது. பற்றவைத்து, கொழுந்து அடங்கி, மேலே சாம்பல் பூத்துத் தணலாவதற்கே அரை மணி, முக்கால் மணி ஆகும். ஆள் வந்த பிறகு ஊதிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துக் கேட்டதால் அவர் என்ன செய்தார் தெரியுமா? மத்தியானத்துக்குச் சின்னக் கூம்பாகப் போட்டார், கரியைச் சற்றுத் தள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டாவதாக ஒரு கம்பியை நட்டார். நேற்று நாம் பார்த்தோமே, இரண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தது, அந்த இரண்டாவது கம்பி வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்தது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

அங்கே ஒரு பாட்டி வந்தாங்க. கறுப்பு உடுப்பு, கையில கைத்தடி. கிரேக்கத்துல பாட்டியை 'யாயா' என்பாங்களாம். சங்கத் தமிழ்ல தாயை 'யாய்' என்று சொன்னோம். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. தற்செயலான ஒற்றுமைதான்; உடனே கிரேக்கமும் தமிழும் அக்கா தங்கை என்று யாரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள். (சிரிப்பு) யாயா பச்சடியை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மேடையைத் தட்டினார். கிரேக்கத்தில் ஒரு நிமிஷம் ஏதோ பொரிந்தார். கடைக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். என்னவென்று விசாரித்தால், வெள்ளரிக்காயைத் துருவினால் உப்பு போட்டு, துணியில் கட்டித் தண்ணீரை ஒட்டப் பிழிய வேண்டுமாம். இன்றைக்குச் சரியாகப் பிழியவில்லை, பச்சடி நீர்த்துவிட்டது என்கிறார். கடைக்காரர் அந்தப் பாத்திரத்தை அப்படியே உள்ளே எடுத்துப் போய்விட்டு, வேறு பாத்திரம் கொண்டு வந்தார். அதற்குள் 20 பேருக்கு மேல் அந்தப் பழைய பச்சடியைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நாங்கள் 6 பேர் உட்பட. எதிரணி அம்மா அதற்குத்தான் "ஆகா, என்ன கைப்பக்குவம்!" என்று தலையாட்டினாங்க! (நீண்ட சிரிப்பு)

அவரிடம் கேட்டேன், "இப்படித் திட்டுகிறவர்களைக் கண்டால் பயமாக இல்லையா?" என்று. அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். "திட்டுகிற யாயா நாளைக்கும் வருவாள். எனக்குப் பயம் அவளிடத்தில் இல்லை. பாதி தின்றுவிட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்து, 'ரொம்ப நல்லா இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போகிறானே, அவனைக் கண்டால்தான் எனக்கு வயிறு கலங்கும்."

நமக்கு இது தெரியாததா? கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வருகிறவரிடம் பெண்ணுக்கு அப்பா கை கூப்பிக்கொண்டு கேட்பார், "சாப்பாடு எப்படிங்க?" "பிரமாதம்! பிரமாதம்!" ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், "சாம்பார்ல உப்பே இல்லடி." (சிரிப்பு) அந்த உப்பு சமையற்காரர் காதுக்குப் போயிருந்தால் அடுத்த பந்தியாவது பிழைத்திருக்கும்.

இப்போது நான் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொடுங்கள் ஐயா, இதற்காகத்தான் வந்தேன்.

கிரேக்கர்கள் இந்த நாட்டுக்கு முதன்முதலில் எப்படி வந்தார்கள் தெரியுமா? கைதிகளாக. 1829இல், கடற்கொள்ளை என்று குற்றம் சாட்டப்பட்ட 7 மாலுமிகளைக் கொண்டுவந்து சிட்னியில் இறக்கினார்கள். அப்புறம் மெல்ல மெல்ல வந்தவர்கள் சிறு ஊர்களில் எல்லாம் காபிக் கடை, பால் கடை வைத்தார்கள். 1932இல் சிட்னியில் மார்ட்டின் பிளேஸ் என்ற இடத்தில் மில்க் பார் என்ற கடையைத் தொடங்கி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவரும் ஒரு கிரேக்கர்தான். 1952இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு கப்பல் கப்பலாக வந்தார்கள்.

அந்தக் கிரேக்கக் கடைகளில் என்ன விற்றார்கள்? கிரேக்கச் சாப்பாடா? இல்லை ஐயா. வறுத்த மாட்டுக்கறி, முட்டை, உருளைக்கிழங்கு, ஐஸ்கிரீம். வெள்ளைக்காரன் எதைத் தின்பானோ அதை. தங்கள் சாப்பாட்டைக் கடைக்குப் பின்னால், வீட்டு அடுக்களையில், தங்களுக்கு மட்டும் சமைத்துக்கொண்டார்கள். பூண்டு வாசம் என்றால் அந்தக் காலத்தில் அத்தனை ஏளனம்.

அந்தக் கடைக்காரர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா 1960களில் வந்தவர். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பிரித்தால், பக்கத்தில் இருக்கிற பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. இவர் என்ன செய்வார்? போகிற வழியிலேயே ரொட்டியைப் புதரில் எறிந்துவிட்டுப் பட்டினியாக இருந்துவிட்டு வருவார். வீட்டில் அம்மா கேட்பாள், "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேம்மா." (அரங்கில் அமைதி)

இங்கே முன்வரிசையில் இருக்கிற தாய்மார்களைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை, "நாளைக்கு சாம்பார் சாதம் வேண்டாம்மா, வெறும் ரொட்டி குடு" என்று கேட்டிருக்கிறதா இல்லையா? ஏன் கேட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கிரேக்க மொழியில் 'ஸெனோஸ்' என்று ஒரு சொல். அந்நியன் என்றும் பொருள், விருந்தாளி என்றும் பொருள். அந்நியர் மேல் அன்பு என்பதுதான் அவர்கள் மொழியில் விருந்தோம்பல். நம் மொழியில் விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் விருந்தினர். வள்ளுவர் அதற்கு 10 குறள் ஒதுக்கினார். இந்தக் கடைக்காரரின் தகப்பனார் இங்கே வந்து இறங்கியபோது ஸெனோஸ்தான். ஆனால் விருந்தாளி என்ற பொருளில் இல்லை, அந்நியன் என்ற பொருளில்.

இப்போது எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். அன்றைக்குப் பூண்டு இடித்த கை இருந்ததா இல்லையா? இருந்தது. கரி மூட்டத் தெரியுமா தெரியாதா? தெரியும். அந்த அம்மாவின் கைப்பக்குவத்தில் ஏதாவது குறையா? ஒரு குறையும் இல்லை. புதரில் எறிந்தானே, அது உலகத்திலேயே நல்ல ரொட்டி! அதே பூண்டு, அதே கை. அன்றைக்கு மூக்கைப் பிடித்த ஊர் இன்றைக்கு, "இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க" என்று 16 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. நடுவில் மாறியது எது? (கைதட்டல்)

அதையும் அவரே சொன்னார். அப்பா முதன்முதலில் கடை வைத்தபோது, கட்டட வேலைக்காரர் ஒருவர் சிகரெட் வாங்க வந்தாராம். அப்பா ஒன்றும் பேசாமல் கத்தி நுனியில் ஒரு துண்டு கறியைச் சீவி நீட்டினார். அவர் தயங்கித் தயங்கி வாயில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சிகரெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மத்தியானம் 4 பேரோடு வந்தார். நாலு பேரில் ஒருவன் பூண்டு வாசத்துக்கு முகம் சுளித்தான். இந்த மனிதர் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டி, "பேசாமத் தின்னு பாருடா" என்றாராம். கடைக்காரருக்கு அந்த மனிதரின் பெயர் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

(மணி அடிக்கப்படுகிறது)

மணி அடித்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன் ஐயா. எனக்கு அடுத்து எதிரணியில் பேச வருகிற தம்பி நல்ல பேச்சாளர், கெட்டிக்காரர். அவருக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். தம்பி, அந்தக் கட்டட வேலைக்காரர் கறியைத் தின்றுவிட்டு, கம்முன்னு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா, அந்த அப்பா மறுநாள் அத்தனை கறியையும் யாருக்குச் சீவிப் போட்டிருப்பார்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கைப்பக்குவத்தைப் பேசுங்கள்.

வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லே என்று நல்லதொரு தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)